தகுதி வழக்கும் தடுப்பறிவும்: ஆண்–ஆண் உறவு குறித்த எச்.ஐ.வி. தடுப்பெழுத்துகள்

முன்னுரை

நோய்த்தடுப்பிற்கென எழுதப்படும் துண்டறிக்கை, சுவரொட்டி, கையேடு ஆகியவை திறனாய்வின் எல்லைக்குள் பொதுவாகக் கொண்டுவரப்படுவதில்லை. அவை பயன் கருதிப் பிறந்து, பயன் முடிந்ததும் மறக்கப்படுபவை. எனினும், சொல் தேர்வு படிப்போரின் உயிர்வாழ்வோடு நேரடியாகத் தொடர்புறும் எழுத்துவகை என்ற நிலையில் அவை மொழியாய்வாளரின் கவனத்திற்கு உரியவை. எச்.ஐ.வி. தடுப்பெழுத்துகள் இவ்வகையில் தலைமையானவை. இந்தியாவில் இக்கிருமித் தொற்று முதன்முதலில் 1986-இல் சென்னையில், சென்னை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த சுனிதி சாலமன், செல்லப்பன் நிர்மலா ஆகியோரின் ஆய்வால் கண்டறியப்பட்டது. ஆகவே இந்நோய் குறித்துப் பொதுமக்களிடம் பேசவேண்டிய நெருக்கடி தமிழுக்குத் தொடக்கத்திலேயே நேர்ந்தது.

அவ்வாறு தமிழ் பேசியபோது ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களை நோக்கி என்ன பேசிற்று, எவ்வாறு பேசிற்று என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. நன்னூல் தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுக்கும். சபையில் கூறத்தகாததை மறைத்துக் கூறுதல், மங்கலமல்லாததை மங்கலமாக்கிக் கூறுதல், ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் வழங்கும் சொல்லால் கூறுதல் என்பன அவை. இவற்றுள் முதலாவதும் மூன்றாவதும் இவ்வாய்வுக்கு அடிப்படையாகின்றன. பொதுமேடையில் இடக்கரடக்கலும், உரியவர்களிடையே குழூஉக்குறியும் வழங்க, அவ்விரண்டிற்கும் இடையில் உயிர்காக்கும் செய்தி நழுவிப்போனது என்பதே இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

முன்னிலையில் பிறந்த எழுத்து

ஒப்பீட்டிற்காக, இவ்வெழுத்துவகையின் தோற்றுவாயை முதலில் நோக்குதல் பொருந்தும். 1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கை, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தன்பாலீர்ப்புடைய ஆண்கள் ஐவருக்கு ஏற்பட்ட அரிய நுரையீரல் அழற்சியைப் பதிவு செய்தது. இரண்டாண்டுகள் கழித்து, 1983 மே மாதத்தில், நியூயார்க்கில் நாற்பது பக்கச் சிறுநூல் ஒன்று வெளிவந்தது. கொள்ளைநோய்க் காலத்தில் உறவுகொள்வது எப்படி எனப் பொருள்படும் தலைப்புடைய அந்நூலை எழுதியோர் ரிச்சர்ட் பெர்கோவிட்ஸ், மைக்கேல் காலன் என்னும் இருவர். இருவரும் அந்நோய்க்கு ஆளானவர்கள். மருத்துவர் ஜோசப் சொன்னபெண்ட் அவர்களுக்கு வழிகாட்டினார். பாதுகாப்பான உறவு என்னும் கருத்தாக்கத்தின் முதன்மை ஆவணங்களுள் ஒன்றாக இந்நூல் போற்றப்படுகிறது.

இந்நூலின் நோய்க்காரணக் கோட்பாடு பிழையானது. ஒற்றைக் கிருமியே காரணம் என்பதை ஆசிரியர்கள் ஏற்கவில்லை. பல தொற்றுகள் மீண்டும் மீண்டும் உடலைத் தாக்குவதால் எதிர்ப்பாற்றல் குலைகிறது என்று கருதினர். ஆயினும் அவர்கள் கூறிய வழி சரியாகவே அமைந்தது. ஒருவரது உடல்நீர் மற்றவர் உடலுக்குள் செல்லாமல் தடுக்க வேண்டும், அதற்கு ஆணுறை தேவை என்பது அவ்வழி. பிழையான கோட்பாட்டிலிருந்து சரியான அறிவுரை பிறந்தமைக்குக் காரணம் அவர்கள் செயலை நோக்கினார்கள் என்பதேயாகும். இன்னார் ஆபத்தானவர் என்று ஆள்களைப் பிரிக்காமல், இன்ன செயலில் இவ்வளவு ஆபத்து உண்டு என்று செயல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெயரிட்டுப் பேசினர். உறவைக் கைவிடுமாறு கூறாமல் உறவின் முறையை மாற்றுமாறு கூறினர். நூலின் இறுதிப்பகுதி அன்பைப் பற்றியது என்பதும் குறிப்பிடத்தக்கது.

இலக்கண நோக்கில் கூறின், இந்நூல் தன்மையும் முன்னிலையும் ஒன்றிய உளப்பாட்டுத் தன்மையில் நிற்கிறது. எழுதுவோரும் படிப்போரும் ஒரே இடரில் இருப்பவர்கள். அறிவுரை மேலிருந்து இறங்காமல் பக்கத்திலிருந்து வருகிறது. இத்தகைய எழுத்துக்கு எதிர்ப்பு எழாமலில்லை. 1987 அக்டோபரில் அமெரிக்க மேலவையில் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் கொண்டுவந்த திருத்தம், ஓரினப்புணர்ச்சியை ஊக்குவிப்பதாகக் கருதப்படும் தடுப்புக்கல்வி எழுத்துகளுக்கு நடுவணரசின் நிதி செல்லாதவாறு தடைவிதித்தது. அது 94-க்கு 2 என்ற வாக்கு வேறுபாட்டில் நிறைவேறியது. வெளிப்படையாகப் பேசினால் ஊக்குவித்தல், மறைத்துப் பேசினால் ஒழுக்கம் என்னும் நிலைப்பாடு ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதை இதனால் அறியலாம்.

குடும்பநல மொழியின் மரபுரிமை

தமிழில் உறவு, உறை, தடுப்பு பற்றிய பொதுமொழி எய்ட்சுக்கு முன்பே உருவாகிவிட்டது. குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டமே அதன் தாய்வீடு. 1960-களின் இறுதியில் அரசு அறிமுகப்படுத்திய நிரோத் என்னும் ஆணுறை, சிவப்பு முக்கோணச் சின்னத்தோடு சிற்றூர்வரை சென்றது. நாமிருவர் நமக்கிருவர் என்ற முழக்கம் கணவன், மனைவி, குழந்தைகள் என்னும் குடும்பத்தையே தன் கேட்போராகக் கொண்டது. இம்மொழியில் ஆணுறையின் பொருள் கருத்தடை என்பதாகும். கருவுறுதலுக்கு இடமில்லாத உறவில் அதற்குப் பொருளில்லை.

எய்ட்ஸ் தடுப்புப் பரப்புரை தொடங்கியபோது இம்மொழியே பெருமளவு கையாளப்பட்டது. ஒருவனுக்கு ஒருத்தி என்ற மரபுத்தொடர் நோய்த்தடுப்பு நெறியாக மறுபிறவி எடுத்தது. இத்தொடரின் பால் ஈறுகளே அதன் எல்லையைச் சொல்லிவிடுகின்றன. ஒருவனும் ஒருத்தியும் அல்லாத உறவுக்கு அதில் இடமில்லை. 2003-ஆம் ஆண்டளவில் தமிழகமெங்கும் பேசப்பட்ட புள்ளிராஜா விளம்பரத் தொடர் இம்மரபில் ஒரு திருப்பம். புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்ற வினா தெருவிலும் தேநீர்க் கடையிலும் பேச்சை உண்டாக்கியது. ஆணுறையைக் கருத்தடையிலிருந்து பிரித்து நோய்த்தடுப்போடு இணைத்தது. அதன் பயனைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும் அவ்வினா படர்க்கையில் அமைந்தது. புள்ளிராஜா நாடிச்சென்றதும் பெண்களையே.

இதன் விளைவு யாது? நோய் பெண்களிடமிருந்தே வருகிறது, அதிலும் பாலியல் தொழில் செய்யும் பெண்களிடமிருந்தே வருகிறது என்ற செய்தி, ஆணோடு உறவுகொள்ளும் ஆணின் காதில் வேறொன்றாக ஒலித்தது. தன் உறவில் பெண் இல்லாமையால் தனக்கு ஆபத்தில்லை என்று அவன் முடிவு செய்ய இடமேற்பட்டது. இந்திய நகரங்களில் இத்தகைய ஆண்களிடையே நடத்தப்பட்ட ஆய்வுகள் இந்நம்பிக்கையைப் பதிவு செய்துள்ளன. சொல்லப்படாத செய்தி வெற்றிடமாக நின்றுவிடாமல், பொய்யான உறுதிமொழியாக மாறிவிடுகிறது என்பதற்கு இது சான்றாகும்.

இடக்கரடக்கலின் விலை

அவையில் கூறத்தகாத சொல்லை மறைத்துக் கூறுக என்பது தொல்காப்பியர் காலந்தொட்டு வரும் மரபு. தொல்காப்பியம் அதனை அவையல் கிளவி என எச்சவியலில் பேசும். இம்மரபு இழிவானதன்று, மறைத்துக் கூறினாலும் கேட்போர்க்குப் பொருள் விளங்கும் என்பதே அதன் அடிப்படை. கேட்போர் முன்னரே அறிந்த ஒன்றுக்கே இடக்கரடக்கல் பொருந்தும். முதன்முறையாக அறியவேண்டிய ஒன்றை மறைத்துக் கூறினால் மறைப்பு மட்டுமே எஞ்சும். தடுப்பெழுத்துகளில் நேர்ந்தது இதுவே. இதனை மூன்று சொற்களால் விளக்கலாம்.

முதலாவது, பாதுகாப்பான உடலுறவு என்னும் தொடர். ஆங்கில வழக்கில் இக்கருத்தாக்கம் காலப்போக்கில் ஒப்பீட்டு வடிவத்திற்கு மாறியது. முழுப் பாதுகாப்பு என ஒன்றில்லை, கூடிய பாதுகாப்பும் குறைந்த பாதுகாப்புமே உண்டு என்பது அம்மாற்றத்தின் பொருள். தமிழில் பெயரடைக்கு ஒப்பீட்டு விகுதி இல்லை. விட, காட்டிலும், கூடிய போன்ற சொற்களாலேயே அதனை உணர்த்த வேண்டும். அவ்வாறு உணர்த்தாமல் பாதுகாப்பான என்று மட்டும் எழுதியபோது, உறவுகள் பாதுகாப்பானவை, ஆபத்தானவை என இரண்டாகப் பிளவுண்டன. மருத்துவ உண்மை அவ்வாறு இருகூறாக இல்லை. மருந்து உட்கொள்ளாத தொற்றாளரோடு ஆணுறையின்றி உறவுகொள்ளும்போது தொற்றும் வாய்ப்பை மதிப்பிட்டு 2014-இல் வெளியான தொகுப்பாய்வின்படி, குதவழி உறவில் ஏற்பவருக்கு 10,000 முறைக்கு ஏறத்தாழ 138, இடுபவருக்கு 11. ஆண்–பெண் உறவில் பெண்ணுக்கு 8. ஒரே உறவில் இருவரது ஆபத்தும் பன்னிரு மடங்கு வேறுபடுகிறது. இவ்வேறுபாட்டை அறிந்தவரே தமக்குரிய முடிவை எடுக்க முடியும். குதவழி உறவு என்ற சொல்லையே அச்சிடத் தயங்கிய எழுத்தால் இதனைக் கூற இயலாது.

இரண்டாவது, உயவுப்பொருள் பற்றிய சொல். குதவழி உறவில் இயற்கையான ஈரம் சுரப்பதில்லை. உலர்ந்த நிலையில் ஆணுறை கிழியும். எனவே நீர் கலந்த உயவுப்பொருள் ஆணுறைக்கு இன்றியமையாத துணையாகும். எண்ணெய் வகைகள் ஆணுறையின் ரப்பரை நலியச் செய்து கிழிய வைக்கும். எளிதில் கைக்கெட்டும் தேங்காயெண்ணெயும் அத்தகையதே. தமிழ்க் கலைச்சொல் அகராதிகளில் இப்பொருளுக்கு உயவுப்பொருள், மசகு, மசகெண்ணெய் ஆகியன காணப்படுகின்றன. இவை பொறியியல் துறையில் பிறந்தவை. மசகெண்ணெய் என்ற சொல்லைத் தடுப்பெழுத்தில் கையாண்டால், எதனைத் தவிர்க்க வேண்டுமோ அதனையே அச்சொல் பரிந்துரைத்துவிடும். எண்ணெய் அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. உயவுப்பொருள் பிழையற்றது, ஆயினும் படிப்போருக்குப் புரியாதது. நீரில் கரையும் வழவழப்பான களிம்பு, எண்ணெய் கூடாது என்று ஒரே வரியில் விரித்துக் கூறுவதே தக்கது. கலைச்சொல்லாக்கத்தில் சுருக்கம் எப்போதும் நலம் பயப்பதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

மூன்றாவது, பால்வினை நோய் என்னும் பெயர். பாலுறவாகிய வினையால் வரும் நோய் என்பதே அதன் நேர்ப்பொருள். ஆயினும் ஊழ்வினை, தீவினை, வினைப்பயன் என்ற சொற்களில் தோய்ந்த தமிழ்ச் செவிக்கு அப்பெயர் தண்டனையின் ஓசையையும் தருகிறது. இதழ்களில் பெருவழக்காக இருந்த ஆட்கொல்லி நோய் என்னும் அடைமொழி இவ்வோசையை வலுப்படுத்தியது. நோய்மீது ஏற்றப்படும் உருவகங்கள் நோயாளியைத் தனிமைப்படுத்துவதைச் சூசன் சொண்டாக் 1989-இல் எழுதிய நூலில் விரிவாக ஆராய்ந்தார். நடைமுறையில் அதன் பொருள் எளியது: தண்டனை என்று பெயரிடப்பட்ட ஒன்றைத் தானே முன்வந்து பரிசோதித்துக்கொள்ள எவரும் விரும்புவதில்லை.

குழூஉக்குறியும் புள்ளிவிவரச் சொல்லும்

பொதுமொழி மறைத்ததை உரியவர்களின் குழூஉக்குறி பேசியது. தமிழக நகரங்களில் கோத்தி, பந்தி, டபுள்டெக்கர் என்ற சொற்கள் வழங்கின. பெண்தன்மை கொண்டு, பெரும்பாலும் ஏற்பவராக இருப்பவர் தம்மைக் கோத்தி என்றனர். தம் ஆண் துணைவரைப் பந்தி என்றனர். இருநிலையும் கொள்பவர் டபுள்டெக்கர் எனப்பட்டார். அம்மா, மகள், அக்கா என்ற உறவுப்பெயர்களும் இக்கூட்டத்தாரிடையே புதுப்பொருளில் வழங்கின. மூத்தவர் இளையவருக்கு அறிவுரை கூறும் உரிமையை இவ்வுறவுமுறை அளித்தது. தடுப்பறிவு கடந்துசெல்வதற்கு ஆயத்தமான பாதை அது.

1990-களில் தோன்றிய தன்னார்வ அமைப்புகள் இப்பாதையைப் பயன்படுத்தின. மும்பையில் ஹம்சஃபர் அறக்கட்டளை 1994-இலும், சென்னையில் சகோதரன் 1998-இலும் தொடங்கப்பட்டன. லக்னோவில் பரோசா, பெங்களூரில் சங்கமா ஆகியனவும் இயங்கின. உடன்பயணி, உடன்பிறந்தான், நம்பிக்கை, கூடல் எனப் பொருள்படும் இப்பெயர்கள் யாவும் உறவைச் சுட்டுகின்றன. அரசாவணங்களில் இதே மக்கள் உயர் ஆபத்துக் குழு என்றும், அவர்களுக்கான பணி இலக்கு சார்ந்த இடையீடு என்றும் பெயர் பெற்றனர். இரு பெயரிடுமுறைகளுக்கும் இடையிலுள்ள தொலைவு நோக்கத்தக்கது.

ஆணோடு உறவுகொள்ளும் ஆண் என விரியும் எம்.எஸ்.எம். என்ற சுருக்கம் 1990-களில் நோய்ப்பரவலியலில் நிலைபெற்றது. அடையாளத்தை விடுத்துச் செயலைச் சுட்டுதல் என்ற அதன் நோக்கம் 1983 சிறுநூலின் நெறிக்கு நெருங்கியதே. தம்மைத் தன்பாலீர்ப்பினர் எனக் கருதாத ஆண்களையும் அது உள்ளடக்கியது. எனினும், அச்சொல் மக்களின் அன்பையும் கூட்டுறவையும் அழித்து நடத்தையாக மட்டும் சுருக்கிவிடுகிறது என்று ரெபெக்கா யங், இலன் மேயர் ஆகியோர் 2005-இல் விமர்சித்தனர். இந்தியச் சூழலில் மற்றொரு குறையும் சேர்கிறது. களப்பணி கோத்தி என்ற குழூஉக்குறியைப் பற்றிக்கொண்டு நடந்தமையால், அடையாளம் காணத்தக்க கோத்தியரே பெரும்பாலும் பயனாளிகளாயினர். பந்தி என்பது பிறர் இட்ட பெயர். அப்பெயருக்குரியவர் தம்மை அவ்வாறு அழைத்துக்கொள்வதில்லை. அவருள் பலர் மணமானவர். பெண்ணோடும் ஆணோடும் உறவுடையவர். பொதுமொழி அவரைக் கணவர் என்று மட்டும் அறிந்தது. குழூஉக்குறி அவரைப் படர்க்கையில் மட்டும் அறிந்தது. இருபாலீர்ப்புடைய ஆணை முன்னிலையில் விளிக்கும் எழுத்து அரிதாகவே இருந்தது. நோய்ப்பரவலியல் எழுத்துகள் அவரைப் பாலம் என்ற உருவகத்தால் சுட்டியதும் உண்டு. பாலம் என்பது இரு கரைகளின் பயன் கருதியே பேசப்படும் பொருள். அவருக்கும் ஓர் உடல் உண்டு, அதற்கும் காப்பு வேண்டும் என்ற எண்ணம் அவ்வுருவகத்தில் மங்கிவிடுகிறது.

இப்பேச்சின்மையின் அளவை எண்கள் உணர்த்தும். 2014–15-ஆம் ஆண்டின் தேசிய ஒருங்கிணைந்த கணக்கெடுப்பில் ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களிடையே எச்.ஐ.வி. தொற்று 4.3 விழுக்காடாக இருந்தது. 2015-இல் நாட்டின் வயதுவந்தோரிடையே மதிப்பிடப்பட்ட அளவு 0.26 விழுக்காடு.

சட்டமும் அச்செழுத்தும்

மொழித்தயக்கம் மரபினால் மட்டும் நேர்ந்ததன்று. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 377-ஆம் பிரிவில் இயற்கைக்கு மாறான புணர்ச்சியைக் குற்றமாக்கியது. குற்றத்திற்கு எவ்வாறு வழிகாட்டிக் கையேடு எழுதுவது? 1990-களின் முற்பகுதியில் தில்லி திகார் சிறையில் ஆணுறை வழங்க வேண்டும் என்ற மருத்துவப் பரிந்துரை ஏற்கப்படாததும், அதனை எதிர்த்து ஏ.பி.வி.ஏ. என்னும் அமைப்பு 1994-இல் தில்லி உயர்நீதிமன்றத்தில் 377-ஆம் பிரிவுக்கு எதிராக வழக்குத் தொடுத்ததும் இச்சிக்கலின் வெளிப்பாடுகள். ஆணுறை வழங்கினால் அச்செயல் நிகழ்வதை ஒப்புக்கொண்டதாகும் என்பது மறுப்பின் உள்ளுறை. இங்கு இடக்கரடக்கல் சொல்லளவில் நில்லாமல் நிர்வாகக் கொள்கையாகவே உருக்கொண்டது.

2001 ஜூலையில் லக்னோவில் தடுப்புப் பணியாளர் நால்வர் கைது செய்யப்பட்டனர். விழிப்புணர்வுக் கருவிகளும் எழுத்துகளும் ஆபாசப் பொருள்களாகக் கைப்பற்றப்பட்டன. அவர்கள் ஏறத்தாழ ஏழு வாரம் சிறையில் இருந்தனர். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் இரண்டாம் கட்டத்தில் இருந்த காலம் அது. ஒரே எழுத்து ஓர் அரசுத்துறையின் கண்ணில் நலக்கல்வியாகவும் மற்றோர் அரசுத்துறையின் கண்ணில் ஆபாசமாகவும் தோன்றியது. இம்முரண் பின்னர் நீதிமன்றத்திலேயே வெளிப்பட்டது. நாஸ் அறக்கட்டளை 2001-இல் தொடுத்த வழக்கில் உள்துறை அமைச்சகம் 377-ஐ ஆதரிக்க, தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 2006-இல் அளித்த உறுதியாவணம் அப்பிரிவு தடுப்புப்பணிக்கு இடையூறு என்றது. தெருநிலையில் அவ்விடையூறு எவ்வாறு செயல்பட்டது என்பதை, சென்னைக் கோத்தியர் குறித்து வெங்கடேசன் சக்கரபாணியும் பிறரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. காவலரின் தொல்லைக்கு அஞ்சி வாழ்வோரிடம் ஆணுறையை எப்போதும் உடன்வைத்திருங்கள் என்று கூறும் துண்டறிக்கை, அவரது நிலையை அறியாத அறிக்கையாகவே இருக்கும்.

தில்லி உயர்நீதிமன்றம் 2009 ஜூலை 2-இல் அப்பிரிவின் வீச்சைக் குறைத்ததும், உச்சநீதிமன்றம் 2013 டிசம்பர் 11-இல் அத்தீர்ப்பை நீக்கியதும், 2018 செப்டம்பர் 6-இல் வயதுவந்தோர் இசைவுடன் கொள்ளும் உறவு குற்றமன்று எனத் தீர்ப்பளித்ததும் யாவரும் அறிந்தவை. அதே மாதம் 10-ஆம் நாள், தொற்றாளரைப் பாகுபடுத்துவதைத் தடைசெய்யும் 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. மறைத்துப் பேசுவதற்குச் சட்டம் காட்டிய காரணம் இவற்றால் அகன்றது.

புதிய அறிவும் பழைய சொல்லும்

காரணம் அகன்றபின்னும் மொழி தானே மாறிவிடுவதில்லை. மருத்துவ அறிவோ வெகுதூரம் சென்றுவிட்டது. இந்தியாவில் 2004 ஏப்ரல் 1 முதல் கூட்டுமருந்துச் சிகிச்சை அரசு மையங்களில் விலையின்றிக் கிடைக்கிறது. சிகிச்சையால் இரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய இயலாத நிலைக்குக் குறைந்துவிட்டால் உறவின்வழி தொற்று பரவுவதில்லை. ஐரோப்பிய நாடுகளில் ஒருவர் தொற்றுடையவராகவும் மற்றவர் தொற்றற்றவராகவும் உள்ள 782 ஆண் இணையரைத் தொடர்ந்து நோக்கி 2019-இல் வெளியான ஆய்வு, ஆணுறையின்றி நிகழ்ந்த 76,000-க்கு மேற்பட்ட உறவுகளில் அவ்வாறு ஒரு தொற்றும் நிகழவில்லை என்று காட்டியது. தொற்றற்றவர் முன்கூட்டியே மருந்துண்டு காத்துக்கொள்ளும் முறையும் நிறுவப்பட்டுள்ளது. இதற்கான தேசிய வழிகாட்டு நெறிகள் 2022-இல் வெளியிடப்பட்டன.

ஆட்கொல்லி நோய் என்ற சொல்லால் இவ்வறிவைக் கூற இயலாது. மருந்துண்ணும் தொற்றாளர் பிறருக்கு ஆபத்தற்றவர் என்ற செய்தியை அச்சொல்லே மறுத்துவிடும். ஆணுறை ஒன்றையே காப்பாகப் பேசிய எழுத்தும் போதாது. ஆணுறை, முன்காப்பு மருந்து, பரிசோதனை, சிகிச்சை ஆகிய நான்கையும் ஒப்பிட்டுத் தமக்குரியதைத் தெரிந்தெடுக்கும் நிலையில் இன்றைய படிப்பாளர் இருக்கிறார். முன்காப்பு மருந்து எச்.ஐ.வி.யைத் தடுக்கும், மேகப்புண் முதலிய பிற தொற்றுகளைத் தடுக்காது என்பதையும் அவர் அறிய வேண்டும். தெரிவு செய்வதற்கு ஒப்பீட்டு மொழி தேவை; முன்னர்க் கண்ட பாதுகாப்பான, ஆபத்தான என்னும் இருகூற்றுப் பிரிவு இங்கு முற்றிலும் பயனிழக்கிறது.

பெயரிடுதலில் மாற்றம் தொடங்கிவிட்டது. சேர்க்கை என்று செயலை இழித்துச் சுட்டிய ஓரினச்சேர்க்கை என்ற சொல்லின் இடத்தில், ஈர்ப்பு என்று இயல்பைச் சுட்டும் தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு என்ற சொற்கள் பரவியுள்ளன. சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைகளைத் தொடர்ந்து தமிழக அரசு 2022-இல் இத்தகைய சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. மதிப்புடைய பெயர் முன்னிலைக்குரிய முதற்படி. ஆனால் ஈர்ப்பு என்னும் சொல் செயலைப் பேசாது. ஆளுக்கு மதிப்பளிக்கும் மொழியும் செயலைத் தெளிவாகக் கூறும் மொழியும் ஒன்றிணைந்தாலன்றித் தடுப்பெழுத்து முழுமை பெறாது. மதிப்பு என்ற பெயரில் புதியதோர் இடக்கரடக்கல் தோன்றிவிடும் வாய்ப்பும் இங்கு உண்டு.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் முடிவுகளைப் பெறலாம். தமிழ்த் தடுப்பெழுத்து குடும்பநல மொழியின் வழித்தோன்றலாக அமைந்தமையால், ஆண்–ஆண் உறவுக்குரிய படிப்பாளரை அது தொடக்கத்தில் விளிக்கவில்லை. பாதுகாப்பான உறவு, மசகெண்ணெய், பால்வினை நோய் ஆகிய சொற்களில் அமைந்த மறைப்பும் மயக்கமும் மருத்துவ அளவில் விளைவுடையவை. குழூஉக்குறி ஒரு சாராரைக் காத்தபோதும், இருபாலீர்ப்புடைய ஆண்களை அது எட்டவில்லை. சட்டத்தின் தடை நீங்கிய இக்காலத்தில், எஞ்சி நிற்கும் தடை பெரும்பாலும் மொழியினுடையது.

எழுத்து எவரை முன்னிலையாகக் கொள்கிறதோ அவரையே அது காக்கும். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் கலைச்சொல்லாக்கத்தில் நெடிய பயிற்சி உடையவை. பொறியியலுக்கும் கணினிக்கும் சொல் வகுத்த அப்பயிற்சி, இத்துறையில் மருத்துவரோடும் உரிய மக்களோடும் இணைந்து செயல்படுமாயின், தெளிவும் மதிப்பும் ஒருங்கே உடைய நடை உருவாகும். உயவுப்பொருள் என்ற ஒரு சொல்லை உரிய படிப்பாளரிடம் வாசித்துக்காட்டி, அவர் புரிந்துகொண்டது என்ன என்று கேட்பதிலிருந்து அப்பணியைத் தொடங்கலாம்.